அன்றைக்கே நூறு பங்கு வாங்கியிருந்தால்...

போன வாரம் மட்டும் அந்த மெசேஜ் நான்கு பேரிடமிருந்து எனக்கு வந்துவிட்டது. 1993-ல் இன்போசிஸ் பங்கு நூறு வாங்கிப் போட்டிருந்தால் இன்றைக்கு நீங்கள் பல கோடிக்கு அதிபதி என்கிற மெசேஜ்தான். கடைசியில் கைகூப்பும் படம் ஒன்று. அனுப்பிய நால்வரும் காலையில் என்னோடு காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை நடப்பவர்கள். நால்வரும் பென்ஷன்தாரர்கள். இதைப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும். நாளைக் காலை காபி வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்கிறேன்.

மெசேஜோடு போயிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். எங்கள் எதிர் வீட்டுத் தம்பி சமீபத்தில்தான் ஓய்வு பெற்றார். கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன், விடுப்புச் சம்பளம் எல்லாம் சேர்ந்து ஒரு நல்ல தொகை கைக்கு வந்திருக்கிறது. அந்த வாசனைக்கு ஒரு ஏஜெண்ட் வீடு தேடி வந்து, வழவழப்பான வண்ணக் காகிதம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் ஒரு கோடு, இடது பக்கம் கீழே தொடங்கி வலது பக்கம் மேலே போகிறது.

"அண்ணே, நீங்க அக்கவுண்ட்ஸ்ல இருந்தவரு. பார்த்துச் சொல்லுங்க. மொத்தத்தையும் இதுல போட்டுடலாமா?"

பார்த்தேன். கோடு தொடங்கிய இடத்தில் 2009 மார்ச் என்று இருந்தது. "இந்தத் தேதியை யாருப்பா எடுத்தது?" என்று கேட்டேன்.

"யார் எடுக்கறது? கம்ப்யூட்டர்ல வந்ததுண்ணே."

அந்த பதில்தான் என்னை எழுத உட்கார வைத்தது. தேதி தானாக வராது. யாரோ ஒருவர் எடுத்து வைத்த தேதி அது. பழைய பங்கு விலையைக் காட்டி நம்மிடம் பணம் கேட்கிறவர்கள் மூன்று விஷயங்களைச் சொல்லாமல் விடுகிறார்கள். கணக்கு எந்தத் தேதியில் தொடங்குகிறது, எண்களில் என்ன திருத்தம் செய்திருக்கிறது, பட்டியலிலிருந்து எதெல்லாம் விடுபட்டுப் போயிருக்கிறது. இம்மூன்றையும் சொல்லாமல் ஒருவர் பழைய விலையைக் காட்டினால், தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும் அது ஏமாற்று வேலைதான் என்பது என் கட்சி.

முதலில் தேதி. சென்செக்ஸ் 2008 ஜனவரி 8-ஆம் தேதி 20,873-ல் முடிந்தது. 2009 மார்ச் 9-ஆம் தேதி 8,160-க்கு இறங்கிவிட்டது. 2014 மார்ச்சில் ஏறக்குறைய 22,000. இப்போது அதே சென்செக்ஸை வைத்து இரண்டு படம் போடுகிறேன், பாருங்கள். 2009 மார்ச்சிலிருந்து 2014 மார்ச் வரை ஐந்து வருடம்: 8,160 ஏறக்குறைய 22,000 ஆகிறது. வருடத்துக்குச் சராசரி ஏறக்குறைய 22 சதவீதம். அடுத்தது, 2008 ஜனவரியிலிருந்து 2014 ஜனவரி வரை ஆறு வருடம்: தொடங்கியது 20,873, முடிந்ததோ 21,000-க்கும் கீழே. லாபம் பூஜ்யம். இரண்டு படங்களும் முடிகிற இடத்துக்கு நடுவில் இரண்டு மாதம்தான் வித்தியாசம். இரண்டிலும் ஒரு எண் கூடப் பொய் இல்லை. ஏஜெண்ட் எந்தப் படத்தைப் பையில் எடுத்து வருவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பூஜ்யம் கூட உண்மையில் பூஜ்யம் அல்ல, நஷ்டம். சொத்து விற்றால் லாபத்தைக் கணக்கிட வருமான வரித்துறை வருடந்தோறும் ஒரு விலைக் குறியீட்டெண் வெளியிடுகிறது. 2007-08-க்கு அது 129, 2013-14-க்கு 220. விலைவாசி ஏற்றத்தில் முக்கால் பங்கைத்தான் அந்த எண் கணக்கில் எடுக்கிறது. அதை வைத்துப் பார்த்தாலே, 2008-ல் போட்ட நூறு ரூபாய் ஆறு வருடம் கழித்து அதே நூறு ரூபாயாகத் திரும்பி வந்தால் அதன் மதிப்பு 59 ரூபாய்க்குள்தான். நடுவில் டிவிடெண்ட் கொஞ்சம் வந்திருக்கும். அது இந்த ஓட்டையை அடைக்கப் போதாது.

இதை நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2008 ஜனவரியில் என் மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த நான்கு லட்சத்தை இப்படி ஒரு வண்ணக் காகிதத்தை நம்பி ஒரு ஃபண்டில் போட்டேன். அந்தக் காகிதத்தின் கோடு 2003-ல் தொடங்கியது. ஐந்து வருடம் ஏறிக்கொண்டே வந்த கோடு, ஆறாவது வருடம் மட்டும் ஏன் இறங்கப் போகிறது என்று நினைத்தேன். 2009 பிப்ரவரியில் கல்யாணம். பணத்தை எடுக்கப் போனபோது இரண்டு லட்சம் கூட இல்லை. மீதிக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கினேன். அந்தக் கடனை அடைத்து முடித்தது ஓய்வு பெற்ற பிறகு, கம்யூட்டேஷன் பணத்தில்தான். "இன்னும் ரெண்டு வருஷம் விட்டு வெச்சிருந்தா திரும்பி ஏறியிருக்கும்" என்று இன்றைக்கும் சிலர் எனக்குப் புத்தி சொல்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் போய், சென்செக்ஸ் ஏறட்டும், அதுவரை முகூர்த்தத்தைத் தள்ளி வைப்போம் என்று சொல்ல முடியுமா?

இரண்டாவது, திருத்தம். இன்போசிஸ் மெசேஜுக்கே வருகிறேன். அதன் கூட்டல் பெருக்கல் சரிதான், நானே போட்டுப் பார்த்தேன். 1993-ல் வெளியீட்டு விலை 95 ரூபாய். நூறு பங்குக்கு 9,500. பிறகு 1994, 1997, 1999 மூன்று முறையும் ஒன்றுக்கு ஒன்று போனஸ், 800 பங்கு ஆயிற்று. 2000-ல் பத்து ரூபாய் முகமதிப்பை ஐந்தாக உடைத்தார்கள், 1,600. 2004-ல் ஒன்றுக்கு மூன்று போனஸ், 6,400. 2006, 2014, 2015, 2018 நான்கு முறையும் ஒன்றுக்கு ஒன்று. கடைசியில் 1,02,400 பங்கு. விலை 1,500 ரூபாய் என்று வைத்தால் 15 கோடியைத் தாண்டும்.

இப்படிப் பங்குகள் பெருகும்போது பழைய விலைகளை அதற்கேற்பக் குறைத்து எழுதுவது வழக்கம். திருத்திய விலை என்பது இதுதான். 95 ரூபாயை இந்தக் கணக்கில் திருத்தினால் 9 காசு சொச்சம் வரும். திருத்தம் தேவைதான், மறுக்கவில்லை. செய்யாவிட்டால் வேறு விதமாக ஏமாறுவோம். 2024 அக்டோபரில் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தபோது 2,600-க்கு மேல் இருந்த விலை அடுத்த வர்த்தக நாளில் 1,300 சொச்சம் ஆயிற்று. எங்கள் நடைக் குழுவில் ஒருவர் பாதிப் பணம் போய்விட்டது என்று அன்று காலைப் பலகாரம் கூடச் சாப்பிடவில்லை. பங்கு இரட்டிப்பானதை அவர் பார்க்கவே இல்லை.

என் குறை திருத்தத்தின் மேல் இல்லை. திருத்தியதைச் சொல்லாமல் விடுவதன் மேல். அலுவலகத்தில் ஒரு பதிவேட்டில் ஒரு எண்ணைத் திருத்தினால் பழைய எண் தெரியும்படி ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். போடாத குமாஸ்தாவுக்கு மெமோ வரும். எனக்கே ஒரு முறை வந்திருக்கிறது. இணையத்தில் வரும் விலைப் படங்களிலோ முப்பது வருடத்து எண்களையும் மாற்றி எழுதியிருப்பார்கள், ஒரு மூலையில் பொடி எழுத்தில் கூடச் சொல்லாத இடங்கள் உண்டு. 9 காசுக்கு அந்தப் பங்கை உலகத்தில் யாரும் வாங்கவில்லை. 9 காசு என்று பார்த்ததும் நம் மனம் என்ன நினைக்கிறது? "அட, ஒரு ரூபாய்க்குப் பத்துப் பங்கு வாங்கியிருக்கலாமே!" 9,500 ரூபாய் 1993-ல் ஒரு குமாஸ்தாவுக்கு எத்தனை மாதச் சம்பளம் என்று யாரும் நினைப்பதில்லை.

இந்தத் திருத்தம் நம் பையிலிருந்தே பணத்தை எடுக்கிற இடம் ஒன்று இருக்கிறது. பழைய பங்கு வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து பங்குச் சந்தையில் விற்கும் பங்குகளின் லாபத்துக்கு 2018 ஏப்ரலிலிருந்து மீண்டும் வரி வந்தது. 2024 ஜூலை 23-க்குப் பிறகு விற்றால், வருடத்துக்கு ஒன்றேகால் லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம். ஆனால் 2018 ஜனவரி 31 வரை ஏறிய லாபத்துக்கு விலக்கு உண்டு. அதற்கு முன்னால் வாங்கிய பங்கானால், அன்றைய தினம் சந்தையில் போன அதிகபட்ச விலையை அடக்க விலையாகக் காட்டலாம். விற்ற விலை அதைவிடக் குறைவாக இருந்தால் விற்ற விலை வரைக்கும்தான் காட்ட முடியும். நாம் உண்மையில் வாங்கிய விலை இவற்றைவிட அதிகமாக இருந்தால் அதையே காட்டலாம்.

இங்கேதான் படத்தைப் பார்த்து எழுதுகிறவர் மாட்டிக்கொள்வார். 2018 ஜனவரி 31-ல் இன்போசிஸ் 1,100 ரூபாய்க்கு மேல் விற்றது. அதே வருடம் செப்டம்பரில் போனஸ் வந்ததால், திருத்திய படத்தில் அந்தத் தேதிக்கு நேராகப் பாதி விலைதான் இருக்கும். பழைய பங்கு நூறை இன்றைக்கு 1,500-க்கு விற்கிறவர், 1,100 என்று எழுத வேண்டிய இடத்தில் 550 என்று எழுதினால், இல்லாத லாபம் 55,000 ரூபாயைத் தானே ஒப்புக்கொள்கிறார். விலக்கு வரம்பை ஏற்கனவே தாண்டியவரானால் வரி மட்டும் 6,875 ரூபாய் கூடுதல். 2018 ஜனவரிக்குப் பிறகு வந்த போனஸ் பங்குகளுக்கு அடக்க விலை பூஜ்யம் என்பது வேறு கணக்கு, அதையும் இதையும் கலக்கக் கூடாது. அன்றன்று நடந்த உண்மையான விலை வேண்டுமானால் மும்பைப் பங்குச் சந்தை, தேசியப் பங்குச் சந்தை இரண்டின் இணையதளங்களிலும் தேதி வாரியாக இலவசமாகக் கிடைக்கிறது. எடுத்து அச்சிட்டு, ஆடிட்டரிடம் காட்டிவிட்டுப் பிறகு எழுதுங்கள்.

மூன்றாவது, விடுபட்டவை. இன்போசிஸ் 1993-ல் பங்கு வெளியிட்டபோது கேட்டு வந்தவர்கள் போதவில்லை. மீந்ததை மார்கன் ஸ்டான்லி வாங்கியதால்தான் அந்த வெளியீடு தப்பித்தது. பெரிய பெரிய ஆட்களுக்கே தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கு ஒரு மெசேஜ் நம்மைக் குத்திக் காட்டுகிறது. அதே 90-களில் மக்களிடம் பங்குப் பணம் வசூலித்துவிட்டு, முகவரியில் கூட ஆள் இல்லாமல் ஓடிப்போன கம்பெனிகள் 200-க்கு மேல் என்று மத்திய அரசே பட்டியல் போட்டது. "மறைந்த கம்பெனிகள்" என்றே அவற்றுக்குப் பெயர். அவற்றில் நூறு பங்கு வாங்கியிருந்தால் இன்று உங்களிடம் என்ன இருக்கும் என்று எந்த மெசேஜாவது வருகிறதா?

சென்செக்ஸும் இப்படித்தான். 1986-ல் தொடங்கியபோது அதில் இருந்த 30 கம்பெனிகளில் அம்பாசிடர் கார் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்சும் பியட் கார் செய்த பிரீமியர் ஆட்டோமொபைல்சும் உண்டு. இன்று இருக்கும் சென்செக்ஸில் அவற்றைத் தேடினால் கிடைக்காது. 2009 ஜனவரி 7-ல் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் கணக்கில் பொய் எழுதியதாகத் தானே ஒப்புக்கொண்டபோது, ஒரே நாளில் அந்தப் பங்கு நான்கில் மூன்று பங்குக்கு மேல் விழுந்தது. சில நாட்களுக்குள் சென்செக்ஸிலிருந்து அதை எடுத்துவிட்டு வேறு கம்பெனியைப் போட்டார்கள். குறியீட்டெண் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிட்டது. சத்யம் பங்கு வைத்திருந்தவருக்கு யார் வந்து அதை மாற்றிக் கொடுத்தார்கள்? "சந்தை எப்போதும் திரும்பி வரும்" என்பவர்கள் குறியீட்டெண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள். உங்கள் பீரோவில் இருக்கும் பங்கைப் பற்றிப் பேசவில்லை.

எங்கள் ஊரில் 'சொல்தா' என்று அழைக்கப்படும் பிரெஞ்சுப் பென்ஷன்காரர் ஒருவர் என் நெடுநாள் நண்பர். நானும் அவரும் பள்ளியில் ஒரே பெஞ்ச். "இதெல்லாம் இந்தியாவில்தான், ஐரோப்பாவில் அப்படியில்லை" என்பார். அவருக்காக ஒரு கணக்கு. பாரிஸ் சந்தையின் காக் 40 குறியீட்டெண் 2000 செப்டம்பர் 4-ல் 6,922-ல் முடிந்தது. 2003 மார்ச்சில் 2,403. மறுபடி அந்த 6,922-ஐத் தாண்டியது 2021 நவம்பரில். இருபத்தோரு வருடம்! ஜப்பான் இதற்கும் மேல். நிக்கேய் 1989 டிசம்பர் 29-ல் தொட்ட 38,915-ஐ மறுபடி தாண்ட 2024 பிப்ரவரி 22 வரை ஆயிற்று. அறுபது வயதில் போட்டவருக்குத் தொண்ணூற்று நான்கு வயது.

இதே எண்களைக் காட்டி "பங்கே வேண்டாம், சூதாட்டம்" என்று சொல்பவர்களும் அதே தவறைத்தான் செய்கிறார்கள். அவர்களும் தேதியைப் பொறுக்கித்தான் எடுக்கிறார்கள், உச்சியில் இருந்த நாளை. காக் 40-இல் டிவிடெண்ட் சேர்ப்பதில்லை என்பதையும் சொல்வதில்லை. டிவிடெண்டைத் திரும்பப் போட்டதாகக் கணக்கிடும் இன்னொரு காக் 40 இருக்கிறது. அது பல வருடங்களுக்கு முன்பே பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. ஜெர்மனியின் டாக்ஸும் காக் 40-உம் 1987 டிசம்பர் கடைசியில் 1,000 என்ற ஒரே எண்ணில் தொடங்கியவை. இன்று டாக்ஸ் எங்கேயோ உயரத்தில் இருக்கிறது. காரணங்களில் முக்கியமான ஒன்று, டாக்ஸில் டிவிடெண்டையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். நம் சென்செக்ஸ் காக் 40 மாதிரி, டிவிடெண்ட் இல்லாத கணக்கு. அதனால்தான் மியூச்சுவல் ஃபண்டுகள் தங்கள் லாபத்தை டிவிடெண்ட் சேர்த்த குறியீட்டெண்ணோடுதான் ஒப்பிட வேண்டும் என்று 2018 பிப்ரவரியிலிருந்து செபி கட்டாயப்படுத்தியது. அதற்கு முன்பு ஃபண்டுகள் தங்கள் கணக்கில் டிவிடெண்டைச் சேர்த்துக்கொண்டு, டிவிடெண்ட் இல்லாத சென்செக்ஸை ஜெயித்துவிட்டோம் என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தன.

அப்படியானால் பழைய விலை எதற்குத்தான் உதவும்? லாபம் எவ்வளவு வரும் என்பதை அது சொல்லாது. எவ்வளவு ஆழம் விழுந்திருக்கிறது, எழுந்திருக்க எத்தனை வருடம் பிடித்திருக்கிறது என்பதை மட்டும் நேர்மையாகச் சொல்லும். நம் வயதுக்காரர்களுக்கு அதுதான் தேவை. ஆகவே காகிதத்தோடு யார் வந்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள். தொடக்கத் தேதியை ஏன் எடுத்தீர்கள், இரண்டு வருடம் முன்னே தள்ளினால் படம் எப்படி இருக்கும்? இது உண்மை விலையா, திருத்திய விலையா? டிவிடெண்ட் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? இதே வகையில் மூடிவிட்ட ஃபண்டுகளும் விழுந்த கம்பெனிகளும் எங்கே? நான்குக்கும் பதில் சொல்பவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். "கம்ப்யூட்டரில் வந்தது" என்பவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எதிர் வீட்டுத் தம்பியும் நானும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தோம். அவருக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம்தான். "எஃப்.டி.யில போட்டா விலைவாசி தின்னுடாதாண்ணே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, தின்னத்தான் செய்யும். அதனால் பங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்னும் ஐந்தாறு வருடத்துக்குள் தேவைப்படும் பணம், அதாவது இரண்டாவது பெண்ணின் படிப்பு, மாடியின் ஒழுகல், அவர் மனைவியின் முழங்கால் அறுவைச் சிகிச்சை, இவற்றுக்கானதைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னேன். பாதி போனாலும், பத்து வருடம் தொடாமல் இருக்க முடிகிற தொகை எது என்று அவர் மனைவியையும் கூப்பிட்டு வைத்துக் கேட்டேன். அந்த அம்மாள் சொன்ன தொகை மொத்தத்தில் கால் பங்கு கூட வரவில்லை. அதை மட்டும் பங்கு ஃபண்டில் போட முடிவாயிற்று, அதுவும் ஒரே நாளில் இல்லாமல் மாதா மாதம். மற்றதில் பெரும்பகுதி தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்குப் போகிறது.

காலை நடை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த இன்போசிஸ் மெசேஜை இனி எனக்கு அனுப்பாதீர்கள். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், நீங்கள் உண்மையிலேயே வாங்கி நஷ்டப்பட்ட ஒரு பங்கின் பெயரையும், வாங்கிய தேதியையும் விலையையும் கீழே ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். என்னுடையதை மேலே எழுதிவிட்டேன்.